முன்னால் இழுக்கிற வண்டி

என் பிரியமான அண்ணே,

உன் கப்பலைப் பார்த்தேன். விருதுநகர் தாண்டி நாலு வழிச் சாலையோரம் புதிதாக ஒரு ஓட்டல் திறந்திருக்கிறார்கள். அதன் வாசலில் மேடை கட்டி, சுற்றிலும் புல் பதித்து, அதைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். வெங்காயத் தோல் நிறம் போய் ஆளை அடிக்கிற சிவப்பு பெயிண்ட். சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று தெரியவில்லை. மூடித் திறக்கும் அந்த ஹெட்லைட் இரண்டில் ஒன்று திறந்தபடி நின்றுவிட்டது, மற்றது மூடியே கிடக்கிறது.

சாப்பிட வருகிறவர்கள் பிள்ளைகளைத் தூக்கி அந்த நீளமான பானெட்டின் மேல் உட்காரவைத்து செல்போனில் படம் எடுக்கிறார்கள். பெரிய ஆட்களும் ஏறி உட்காருகிறார்கள். பஸ் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்கு இதே பானெட்டில் நாலு பேர் ஏறி உட்கார்ந்திருந்தால் போதுமே அண்ணே. பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா, “என்ன தாயி, மேலுக்கு முடியலையா?” என்று கேட்டார்கள். “தூசி” என்றேன்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் அச்சுக்குக் கொடுக்கிறேன். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். உன்னைப் பற்றி ஊர் பேசியதெல்லாம் ஊருக்குத் தெரியும். உன் பக்கத்துக் கதையைச் சொல்லத்தான் ஆள் இல்லாமல் போயிற்று.

ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசு கம்பெனியில் நீ டிரைவராக இருந்தாய். வடக்கே இருந்து ஆர்டர் கொடுக்க வருகிற வியாபாரிகளை அசத்த வேண்டும் என்று முதலாளி எங்கோ சென்னையில் ஒரு பங்களாவில் நின்ற அமெரிக்கக் காரை வாங்கி வந்தார். டொரனாடோ என்று நீ சொல்லிக்கொடுத்த பெயர் கடைசிவரை என் வாயில் நுழையவில்லை. இடது பக்கம் ஸ்டியரிங், மொத்தமே இரண்டு கதவு, ஒவ்வொரு கதவும் நம் வீட்டு வாசற்கதவு அகலம். வேலைக்குப் போகிற பெண்கள் அதற்குக் கப்பல் என்று பெயர் வைத்தார்கள். நம் ஊர்ச் சந்துக்குள் அது திரும்புவதற்குள் ஒரு பானை சோறு வெந்துவிடும்.

அதை நீ எனக்குக் காட்டிய நாள் ஞாபகம் இருக்கிறதா? உள்ளே தரையைத் தட்டிக் காட்டினாய். மற்ற கார்களில் நடுவே முதுகெலும்பு மாதிரி ஒரு மேடு ஓடுமே, அது இதில் இல்லை. பாய் விரித்துப் படுக்கலாம் போல வழவழவென்று இருந்தது.

“ஏட்டி, அம்பாசடரு, ஜீப்பு எல்லாம் பின்சக்கரம் தள்ளுற வண்டி. இது முன்சக்கரம் இழுக்கிற வண்டி. மாட்டு வண்டி மாதிரி. அதான் அடியில கம்பி ஓடல” என்றாய்.

“அப்ப வைக்கோலும் போடணுமோ?” என்று கேட்டேன்.

“இது பெட்ரோல் குடிக்கிற குடிக்கு வைக்கோலே தேவலை” என்று சிரித்தாய். நீ அப்படிச் சிரித்து அதன் பிறகு நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்? விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்த ஐப்பசியில் சீசன் முடிகிற நேரம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. திருத்தங்கல் பிரஸ்ஸில் நான் காலண்டருக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் கம்பெனியில் வெடித்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னான். அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. நீ சொன்னதையும் ஊர் சொன்னதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடிபட்டவர்களில் உட்கார முடிந்தவர்களைக் கம்பெனி வேனில் ஏற்றிவிட்டார்கள். சங்கையாச் சித்தப்பா மகள் பாண்டியம்மாவால் உட்கார முடியவில்லை. முதுகு முழுக்க வெந்துபோயிருந்தது. தாயில்லாப் பிள்ளை, அவருக்கு ஒரே மகள். முதலாளியை நீ தேடவும் இல்லை, கேட்கவும் இல்லை. முன் சீட்டை மடக்கிவிட்டு, தரையில் வாழை இலையைப் பரப்பி, அவளைக் குப்புறக் கிடத்தினாய். அந்தச் சமமான தரை அதற்குத்தான் பயன்பட்டது. நம் பக்கத்தில் அன்றைக்கு அப்படிப் படுக்கவைத்துக் கொண்டுபோக வேறு வண்டி கிடையாது.

தார் ரோட்டில் தீயணைப்பு வண்டியும் லோடு லாரியும் மாட்டிக்கொண்டு வழி அடைத்துக் கிடந்தது. நீ காட்டுப் பாதையில் திருப்பினாய். நம் ஊர் ஓடையில் இறங்கியதும் கரிசல் சகதி கப்பலின் மூக்கைப் பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டு ஊரே ஓடி வந்தது.

நம் ஆட்களுக்கு இது புதிதா என்ன? மழைக்காலம் வந்தால் வாரத்துக்கு ஒரு வேனாவது அந்த ஓடையில் மாட்டும். பின்னால் நாலு பேர் ஏறி உட்கார்ந்தால் பின்சக்கரம் பிடித்துக்கொண்டு வண்டி எழும்பிவிடும். பிறந்ததிலிருந்து பார்த்த வித்தை. “பின்னாடி ஏறுங்கலே, வெயிட்டைக் குடுங்க!” என்று முதலில் கத்தி, முதலில் ஏறியவர் சங்கையாச் சித்தப்பா. உள்ளே கிடப்பது தன் மகள் என்று தெரிந்து பைத்தியம் பிடித்தவர் போல ஏறினார். அவர் பின்னாலேயே கண்ணில் பட்ட ஆம்பிளை எல்லாம் டிக்கியில் தொற்றிக்கொண்டார்கள்.

பின்னால் பாரம் ஏற ஏற முன்பக்கம் எழும்பியது. இழுக்க வேண்டிய முன்சக்கரம் பிடி இல்லாமல் சும்மா சுற்றிச் சகதியை வாரி இறைத்தது. நீ ஜன்னலில் தலையை நீட்டி, “இறங்குங்க! எல்லாரும் இறங்குங்க! முன்னாடி வாங்க, பானெட்டுல ஏறுங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினாய். கூச்சலில் அவர்கள் காதில் விழுந்தது ‘இறங்குங்க’ மட்டும்தான். பானெட்டில் ஏறச் சொன்னதைக் கேட்ட ஒன்றிரண்டு பேரும், வெந்துபோன பிள்ளையைப் பார்த்து இவனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தார்கள். எந்த ஊரில் பானெட்டில் ஏறி வண்டியைக் கிளப்பியிருக்கிறார்கள்?

கடைசியில் நீயே இறங்கி ஓடிப்போய், சங்கையாச் சித்தப்பா சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினாய். அவர் சகதியில் விழுந்தார். எழுந்து மறுபடி ஏறினார். உன்னால் ஒருத்தரை இறக்க முடிந்தது, பத்துப் பேரை இறக்க முடியவில்லை. டிராக்டர் வந்து கயிறு கட்டி இழுத்த பிறகுதான் கப்பல் கரையேறியது. அதற்குள் வெகுநேரம் ஆகிவிட்டது. சிவகாசி ஆஸ்பத்திரியில் அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பாண்டியம்மா கண்ணை மூடினாள்.

மறுநாளே பேச்சு கிளம்பிவிட்டது. முதலாளி காரில் கீறல் விழுந்துவிடும் என்று இவன் ஆட்களைப் பிடித்துக் கீழே தள்ளினான். அவளைப் பெற்ற தகப்பனையே தள்ளினான். பிள்ளை உசிரைவிட டிக்கிப் பெயிண்ட் பெரிதாகப் போய்விட்டது. துஷ்டி வீட்டுக்கு நீ போனபோது சங்கையாச் சித்தப்பா எல்லார் முன்னாலும், “காருக்கு ஒண்ணும் ஆகலையேப்பா? முதலாளிட்ட நல்ல பேரு வாங்கிட்டியா?” என்று கேட்டாராம். நீ தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தாய்.

அன்றைக்கு வீட்டில் நான் ஆடிய ஆட்டம் உனக்கு மறந்திருக்காது. நீ எனக்கு மட்டும் இரண்டு விஷயம் சொன்னாய். ஒன்று, சக்கரம் பற்றியது. இன்னொன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது: “இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்ப்பா.”

“போய்ச் சொல்லு! தெரு நடுவுல நின்னு சொல்லு! உன் வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு?” என்று கத்தினேன்.

“சொல்லி?” என்றாய்.

“சொல்லியா? உன் பேரு என்னாகுறது?”

“நீயும் சொல்லக் கூடாது. சொன்னீன்னா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டாய்.

கோழை என்று நினைத்தேன் அண்ணே. வாய்விட்டே சொன்னேன். பேசப் பயப்படுகிற அண்ணனுக்கு ஏன் தங்கச்சியாகப் பிறந்தேன் என்று அழுதேன்.

அப்புறம் நடந்ததை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். முதலாளி காரை எத்தனை கழுவியும் வாடை போகவில்லை என்று படுதா போட்டு மூடினார். உன்னைக் கம்பெனி வேனுக்கு மாற்றினார். வேலைக்குப் போகிற பெண்கள், “இவன் ஓட்டுற வண்டியில ஏற மாட்டோம்” என்று ரோட்டில் நின்றுவிட்டார்கள். பேசி முடித்த பெண் வீட்டார் வெற்றிலை பாக்கைத் திருப்பி அனுப்பினார்கள். வேறு கம்பெனிக்குப் போனால் உனக்கு முன்னால் உன் கதை போய் உட்கார்ந்திருந்தது. ஸ்டியரிங் பிடித்த கை கடைசியில் வெடிமருந்து கலக்குகிற அறைக்குள் போயிற்று. அந்த வேலைக்கு மட்டும் யாரும் பூர்வோத்தரம் கேட்பதில்லை.

அடுத்த சீசனுக்கு நீ இல்லை. உன்னைத் துணியால் மூடித்தான் கொண்டுவந்தார்கள். அம்மா முகத்தைப் பார்க்கணும் என்று புரண்டு அழுதாள். யாரும் காட்டவில்லை. சங்கையாச் சித்தப்பா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஊர் கொன்ற ஆளை ஊரே தூக்கிப் போகிறது என்று அன்றைக்கு நான் நடுத்தெருவில் நின்று சபித்தேன். மண்ணை வாரித் தூற்றினேன். இருந்தும் சக்கரத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. செத்தவன் சொல்லைத் தட்டினால் எப்படி?

எத்தனை வருஷம் உன் படத்துக்கு முன்னால் நின்று அதே கேள்வியைக் கேட்டிருப்பேன்! ஏன் வாயைத் திறக்கவில்லை? யாருக்குப் பயந்தாய்? அம்மா போன பிறகு கேட்க எனக்கு வேறு யாரும் இல்லை. உன்னிடம் மட்டும்தான் கத்த முடிந்தது.

போன ஐப்பசியில்தான் ஊர் சொன்ன அந்தப் பொய் உடைந்தது. நான் வேலை முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்கி வருகிறேன், வேனும் லாரியும் மட்டுமே மாட்டுகிற ஓடையில் ஒரு வாடகைக் கார் மாட்டி நிற்கிறது. மேலத்தெருப் பெண் ஒருத்தி பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். ஒரே சிரிப்பும் கூத்துமாக இருந்தது. வழக்கம்போல ஆம்பிளைகள் பின்னால் ஏறினார்கள். சங்கையாச் சித்தப்பாவும் தள்ளாத காலத்தில் போய் டிக்கியில் உட்கார்ந்தார். சக்கரம் சும்மா சுற்றியது. டிரைவர் கோவில்பட்டிக்காரர், நரைத்த தலை. இறங்கி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு திட்டினார்.

“அண்ணாச்சி, என்ன செய்யுதீக? இறங்குங்க மொதல்ல! இது முன்சக்கரம் இழுக்கிற வண்டி. பின்னாடி உக்காந்தா எப்படி வரும்? முன்னாடி வந்து உக்காருங்க.”

நாலு பேர் பானெட்டில் போய் உட்கார்ந்தார்கள். கார் ஒரு உறுமு உறுமிவிட்டுக் கரையேறிப் போய்விட்டது. எல்லாரும் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். சங்கையாச் சித்தப்பா மட்டும் கணுக்கால் சகதியில் அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு இனித்தது. படட்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை டீக்கடையில் எல்லார் முன்னாலும் அவர் சொல்லிவிட்டார். “அந்தப் பய அன்னைக்குச் சரியாத்தான் சொல்லிருக்கான். பானெட்டுல ஏறுங்கன்னு கத்துனான்லா? நாமதான் கேக்கல. நான்தான் மொதல்ல ஏறுனேன். காரைக் காப்பாத்தப் பாத்தான்னு சொன்னதும் நான்தான்.” கடையில் இருந்தவர்கள் டீ கிளாஸை வைத்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்களாம். பாதிப் பேர் அன்று டிக்கியில் இருந்தவர்கள்தானே. தகவல் வீட்டுக்கு வந்தபோது உன் படத்தைத் துடைத்து, கடையில் ஒரு முழம் பூ வாங்கிப் போட்டேன். ஜெயித்துவிட்டாய் என்று உன்னிடம் சொன்னேன். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் அவரே நம் வீட்டு வாசலுக்கு வந்தார். துண்டை இடுப்பில் கட்டியிருந்தார்.

“வாங்க சித்தப்பா, உள்ள வாங்க” என்றேன். வந்தவரை வா என்று சொல்லாமல் எப்படி இருப்பது?

“இருக்கட்டும் தாயி. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன்.” வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “நாங்க அன்னைக்குப் பின்னாடி ஏறாம இருந்தா, எம்பிள்ளை பிழைச்சிருப்பாளா?”

நான் திரும்பி உன் படத்தைப் பார்த்தேன்.

“உங்க அண்ணன்தான் கடைசிவரைக்கும் ஆஸ்பத்திரியில கூட இருந்தான். டாக்டரு அவன்ட்ட எதும் சொல்லிருப்பாரு. உன்ட்ட சொல்லாம இருந்திருக்க மாட்டான். எம்புட்டுக் கசப்பா இருந்தாலும் சரி, உள்ளதைச் சொல்லு.”

அண்ணே, வாய் வரைக்கும் வந்துவிட்டது. உன்னைத் துணியில் மூடிக் கொண்டுவந்தது, அம்மா புரண்டது, ‘முதலாளிட்ட நல்ல பேரு வாங்கிட்டியா’ என்று அவர் கேட்டது, எல்லாம் சேர்ந்து நாக்கு நுனியில் வந்து நின்றது. டாக்டர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் போதும். அவருக்கு அதன் பிறகு சோறு இறங்காது, தூக்கம் வராது. இத்தனை வருஷம் நான் காத்துக்கிடந்தது அதற்குத்தான்.

அவர் நிலையை விடாமல் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். அதைப் பார்த்துக்கொண்டே நிற்கும்போது எனக்கு உறைத்தது. நீ பயந்தது இந்தக் கேள்விக்குத்தான். இந்தக் கேள்வி அவருக்கு வரவே கூடாது என்றுதான் நீ வாயைக் கட்டிக்கொண்டாய். சக்கரத்தைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தன் பிள்ளையைத் தானே சகதியில் அமுக்கி வைத்துவிட்டோம் என்று அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பதில் உன்மேல் காறித் துப்பிக்கொண்டாவது அந்த மனுஷன் உயிரோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டாய். இதை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? இந்த ஓட்டை வாயை நம்பவில்லையா?

“இல்ல சித்தப்பா” என்றேன். “கார்ல ஏத்தும்போதே அவளுக்கு முக்கால் உசுரு போயிருச்சாம். ஆகாசத்துல பறந்து கொண்டுபோயிருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுன்னு டாக்டரு சொன்னாராம். அண்ணன் சொல்லுச்சு.”

“நெசமா?”

“அண்ணன் மேல சத்தியமா.”

உன் மேல் பொய்ச் சத்தியம் பண்ணினேன். பண்ணும்போது நாக்கு கூசவில்லை. அவர் நிலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, “அப்பச் சரி தாயி” என்று துண்டை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். நம்பினாரா, நம்பியது போல நடித்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தெருவில் போகும்போது கால் தடுக்கியது. ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டு அவர் வீடுவரை கொண்டுபோய் விட்டேன். அவர் வீட்டுப் படியை நான் மிதித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

பங்குனியில் அவர் போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் போய்ப் பார்த்தபோது கட்டிலில் தூங்கினபடி கிடந்தாராம். கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லை, பங்காளி மகன் வைத்தான். நான் துஷ்டிக்குப் போனேன், வாய்விட்டு அழுதேன். ஊர்ப் பெண்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அந்த வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது. இதைப் படித்து நொந்துபோக அங்கே யாரும் இல்லாததால்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

ஓடைக்குப் பாலம் கட்டப்போகிறார்கள், ஜல்லி வந்து இறங்கியிருக்கிறது. போன் போட்டால் ஆம்புலன்ஸ் வருகிறது, உள்ளேயே கட்டில் இருக்கிறது. கம்பெனிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. விடிகாலையில் வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டு ஆள் ஏற்றிப் போகின்றன. போன மாதமும் எம். புதுப்பட்டிப் பக்கம் சத்தம் கேட்டது. சத்தம் கேட்டால் இப்போதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எல்லாரும் தெருவுக்கு ஓடி வந்து புகை எந்தத் திசை என்றுதான் பார்க்கிறோம்.

இனிமேல் உன் படத்துக்கு முன்னால் நின்று ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்க மாட்டேன் அண்ணே. இது என் வாக்கு, இதில் பொய் இல்லை. பதிலுக்கு நீ எனக்கு ஒன்று செய். சித்தப்பா அங்கே உன்னைத் தேடி வருவார். மன்னிப்புக் கேட்பார், கேட்கட்டும், தடுக்காதே. கேட்டு முடித்ததும் என்னிடம் கேட்டதையே உன்னிடமும் கேட்பார், நான் சொன்னது நிஜம்தானா என்று. நிஜம்தான் என்று சொல்லிவிடு. பாண்டியம்மாவிடமும் அப்படியே சொல்லச் சொல்லி வை.

உன் கூடப் பிறந்தவள்,
ராசாத்தி